கோப்பின் படம் உண்மை பேசட்டும்! வீட்டு இணையப் பக்கம் அமைப்போருக்கு 22 குறிப்புகள்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் பீரோவில் இருந்த காகிதங்கள் பாதிக்கு மேல் கணினிக்கும் செல்போனுக்கும் போய்விட்டன. பட்டா, வில்லங்கச் சான்று, பென்ஷன் விவரம், ரத்தப் பரிசோதனை அறிக்கை, சித்திரைத் தேர் போட்டோ, உபன்யாச ஒலிப்பதிவு எல்லாமே இப்போது கோப்புகள். பெற்றோர் உத்தர வீதியிலோ தில்லைநகரிலோ இருப்பார்கள்; பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இரண்டு தரப்பும் திறந்து பார்க்க, கணினி படிக்கும் பிள்ளை ஒருவர் ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஓர் இணையப் பக்கம் எழுதித் தருவது இன்று பெரிய காரியமில்லை.

அந்தப் பக்கத்தைத் திறந்ததும், பெயரைப் படிப்பதற்கு முன்பே கண் போய் விழுவது ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் இருக்கும் சின்னப் படத்தில்தான். ‘ஐகான்’ என்று சொல்லும் அந்தப் படம் சரியாக இருந்தால் எழுபது வயதுப் பாட்டியும் யார் உதவியும் இல்லாமல் தேடியதை எடுத்துக்கொள்வார். தவறாக இருந்தால் படித்தவரும் தடுமாறுவார். சில சமயம் வங்கிக் கணக்கே காலியாகும். அதனால் இதை அலங்காரமாக நினைக்காமல் பொறுப்பான வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும்.

1. எழுதத் தொடங்கும் முன், வீட்டில் உண்மையில் என்னென்ன வகைக் கோப்புகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு எட்டு வகை போதும்: ஆவணம், கணக்கு அட்டவணை, படம், ஒலி, வீடியோ, மின்னூல், ஜிப் கட்டு, மற்றவை. ஜேபெக்குக்கு ஒன்று, பிஎன்ஜிக்கு ஒன்று, வெப்பிக்கு ஒன்று என்று தனித்தனி ஐகான் வைத்தால், சின்ன அளவில் அவற்றைப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. வீட்டாருக்கு மூன்றுமே ‘போட்டோ’தான்.

2. சின்னமும் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும். 1951-52ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். பின்னாளில் வந்த மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தை பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா. அந்த இயந்திரத்தில் நீலப் பொத்தானுக்கு நேராகப் பெயரும் இருக்கும், சின்னமும் இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று. உங்கள் பக்கத்திலும் ஐகானை மட்டும் தனியாக விடாதீர்கள்; அதன் கீழ் ‘படம்’, ‘கணக்கு’, ‘பாட்டு’ என்று ஒரு சொல் இருக்கட்டும்.

3. மக்களுக்குப் பழகிய நிறத்தை மாற்றாதீர்கள். பிடிஎஃப் என்றால் சிவப்பு, வேர்டு என்றால் நீலம், எக்செல் என்றால் பச்சை, பவர்பாயின்ட் என்றால் ஆரஞ்சு என்று கண்ணுக்குப் பதிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் வெள்ளைக் கோபுரம் என்று சொன்னாலே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடுவதைப் போல, நிறமும் ஒரு விலாசம்தான். ஆனால் நிறத்தை மட்டுமே நம்பவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுவோருக்கு பிடிஎஃப்பும் எக்செல்லும் ஒன்றாகவே தெரியும். எனவே வடிவமும் மாற வேண்டும்: ஒன்றில் வரிகள், இன்னொன்றில் கட்டங்கள்.

4. கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதுதான் எக்ஸ்டென்ஷன். ‘வீட்டு வரி.2024.பிடிஎஃப்’ என்ற பெயரில் முதல் புள்ளியை எடுத்தால் ‘2024’ என்று வரும், ஐகான் தவறும். ‘லாஸ்ட்இண்டெக்ஸ்ஆஃப்’ என்ற கட்டளையால் கடைசிப் புள்ளியின் இடத்தைக் கண்டுபிடியுங்கள். புள்ளியே இல்லாத பெயரும் உண்டு. அப்போது அந்தக் கட்டளை கழித்தல் 1 என்று விடை தரும். அதைச் சோதித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கேமராவும் ஸ்கேனரும் சில சமயம் எக்ஸ்டென்ஷனைப் பெரிய எழுத்தில் எழுதும். ஒப்பிடும் முன் ‘டுலோயர்கேஸ்’ கொண்டு எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள்.

5. எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த ஐகான் என்ற பட்டியலை நீளமான ‘இஃப்-எல்ஸ்’ வரிசையாக எழுதாதீர்கள். ‘மேப்’ என்ற அமைப்பில் ஒரே இடத்தில் வைத்தால், புது வகை வரும்போது ஒரு வரி சேர்த்தால் போதும். சாதாரண ஆப்ஜெக்டில் வைத்தால் ஒரு சிக்கல் உண்டு: ‘கன்ஸ்ட்ரக்டர்’ போன்ற சில பெயர்கள் நீங்கள் எழுதாமலே அதற்குள் இருக்கும். யாராவது அப்படி ஓர் எக்ஸ்டென்ஷனோடு கோப்பை ஏற்றினால், ‘இல்லை’ என்று வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து நிற்கும். மேப்பில் அந்தத் தொல்லை கிடையாது.

6. தெரியாத வகைக்கு ஒரு பொது ஐகான் கட்டாயம் வையுங்கள். மடித்த முனையுள்ள வெறும் தாள் போதும். உடைந்த படக்குறியோ வெற்றிடமோ வந்தால், கோப்பே கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். அதற்காகத் தெரியாததற்கு ஊகித்து ஓர் ஐகான் போடுவதும் தவறு. தெரியவில்லை என்று சொல்வதே நேர்மை.

7. பிரௌசர் சொல்லும் வகையைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் படமும் ஒலியும் அனுப்புவதற்காக 1992ல் வகுத்த ‘மைம்’ முறைதான் இன்றும் இணையம் முழுவதும் கோப்பு வகையைச் சொல்லும் மொழி. ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஜாவாஸ்கிரிப்டில் அதன் ‘டைப்’ என்ற பகுதியில் இது கிடைக்கும். ஆனால் பிரௌசர் பொதுவாகக் கோப்பைத் திறந்து பார்த்து இதைச் சொல்வதில்லை. எக்ஸ்டென்ஷனை வைத்தே சொல்கிறது. தெரியாவிட்டால் வெற்றாக விட்டுவிடும். எக்செல் நிறுவிய விண்டோஸ் கணினியில் சாதாரண சிஎஸ்வி கோப்பை எக்செல் கோப்பு என்று சொல்வதும் உண்டு.

8. முக்கியமான கோப்புகளுக்கு முதல் சில பைட்டுகளைப் படித்துப் பாருங்கள். பிடிஎஃப் என்றால் தொடக்கத்திலேயே ஒரு சதவீதக் குறியும் ‘பிடிஎஃப்’ என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இருக்கும். ‘ஜிஐஎஃப்’ படமும் தன் பெயரைச் சொல்லியே தொடங்கும். ஜிப் கோப்பு ‘பிகே’ என்று தொடங்கும். அது ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் பெயர் எழுத்துகள். கோப்பை ‘ஸ்லைஸ்’ செய்து முதல் 16 பைட்டை மட்டும் எடுத்தால் போதும். பெரிய வீடியோவாக இருந்தாலும் நொடியில் முடிந்துவிடும்.

9. ‘பிகே’ என்று தொடங்கினாலே ஜிப் ஐகான் போட்டுவிடாதீர்கள். 2007 முதல் பரவிய டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், பிபிடிஎக்ஸ் எல்லாமே உள்ளுக்குள் ஜிப் கட்டுகள்தான். ஈபப் மின்னூலும் அப்படியே. ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பான ஏபிகேயும் அப்படியே. ஆக, முதல் பைட்டுகள் குடும்பத்தைச் சொல்லும். எக்ஸ்டென்ஷன் ஆளைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் ஐகானைப் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் 6ம் குறிப்பின் பொது ஐகானும், அருகில் ‘வகை சந்தேகம்’ என்ற சொல்லும் வரட்டும்.

10. உயிர் போகும் அவசரத்தில் இருந்தாலும் இந்தக் குறிப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2024ல் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பை அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடியைப் பற்றிப் போலீசார் எச்சரித்தார்கள். பத்திரிகை என்று நம்பித் தொட்டால், போனில் ஒரு செயலி நிறுவப்பட்டு ஓடிபி வரை வெளியே போகும். உங்கள் பக்கத்தில் ஏபிகே, இஎக்ஸ்இ, விபிஎஸ், பேட் போன்ற இயங்கும் கோப்புகளுக்கு எச்சரிக்கை முக்கோணம் போடுங்கள். அருகில் ‘இது ஆவணம் இல்லை, திறக்க வேண்டாம்’ என்று தமிழில் எழுதுங்கள். ஏற்றவே விடாமல் தடுப்பது இன்னும் நல்லது. ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதையும் பக்கத்தின் அடியில் போட்டு வையுங்கள்.

11. எக்ஸ்டென்ஷனை மறைக்காதீர்கள். 2000ம் ஆண்டு மே மாதம் உலகத்தையே உலுக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் வந்தது. அதன் பெயரில் ‘டிஎக்ஸ்டி’ என்று ஒரு வாலும், அதற்குப் பின் ‘விபிஎஸ்’ என்று உண்மையான வாலும் இருந்தன. விண்டோஸ் கடைசி வாலை வழக்கமாக மறைத்துக் காட்டியதால், பலர் அதைச் சாதாரணக் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று பெயரின் நுனியை வெட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

12. கோப்பின் பெயரைப் பக்கத்தில் எழுத ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ முறையையே பயன்படுத்துங்கள். ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ முறையில் எழுதினால், பெயருக்குள்ளேயே கட்டளையை ஒளித்து அனுப்ப முடியும். எழுத்தின் திசையை வலமிருந்து இடமாகத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் யூனிகோடில் உண்டு. அவற்றில் ஒன்றை நடுவில் செருகி, ஏபிகே என்று முடியும் பெயரை ஜேபிஜி என்று முடிவதாக மோசடிக்காரர்கள் காட்டுவார்கள். அப்படிப்பட்ட குறிகளைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு காட்டுங்கள்.

13. ஐகான்களை எஸ்விஜி வடிவில் வையுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மங்காது. எட்டு ஐகானும் சேர்ந்து சில கேபிதான் வரும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ‘சிம்பல்’ என்று எழுதி வைத்து, வேண்டிய இடத்தில் ‘யூஸ்’ என்று அழைத்துக்கொள்ளலாம். பழகிய நிறம் இல்லாத ஐகான்களுக்கு நிறமாக ‘கரன்ட்கலர்’ என்று கொடுத்தால், இரவுநேரக் கருப்புத் திரையிலும் எழுத்தின் நிறத்தோடு ஐகானும் மாறிக்கொள்ளும். எழுத்துருவாக வரும் ஐகான்களைத் தவிர்ப்பது நல்லது. இணைப்பு மந்தமாகி எழுத்துரு வந்து சேராவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

14. பிறர் ஏற்றிய எஸ்விஜியை அப்படியே பக்கத்துக்குள் கொட்டாதீர்கள். எஸ்விஜி பார்க்கப் படம். உள்ளே கட்டளையும் இருக்கலாம். ‘இமேஜ்’ குறிக்குள் வைத்துக் காட்டினால் அந்தக் கட்டளை ஓடாது.

15. போட்டோவுக்கு ஐகானைவிட போட்டோவே நல்லது. தேர்த்திருவிழாப் படங்கள் இருபதும் ஒரே மலை-சூரியன் ஐகானோடு நின்றால் எதைத் தேடுவது? ‘கிரியேட்ஆப்ஜெக்ட்யூஆர்எல்’ மூலம் சிறு உருவைக் காட்டுங்கள். காட்டி முடித்ததும் ‘ரிவோக்’ செய்து நினைவகத்தை விடுவியுங்கள், இல்லாவிட்டால் பழைய போன் திணறும். 2017 முதல் ஐபோன்கள் எடுக்கும் ஹெச்இஐசி படங்கள் குரோமில் நேராகத் திறக்காது. அப்படிப் பிழை வரும்போது மட்டும் படத்தின் பொது ஐகானுக்குத் திரும்பிவிடுங்கள்.

16. ஒலிக்கும் வீடியோவுக்கும் நேரத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி ‘ஓபஸ்’ என்ற வகையில் இருக்கும். இதைப் பட்டியலில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐகான் ஒன்றாகவே இருந்தாலும், 40 நொடி என்றால் பேரன் பேசியது, 1 மணி 20 நிமிடம் என்றால் உபன்யாசம் என்று பாட்டிக்கே புரிந்துவிடும். ‘லோடட்மெட்டாடேட்டா’ என்ற நிகழ்வு வந்ததும் இந்த நேரம் கிடைக்கும். முழுக் கோப்பும் இறங்கக் காத்திருக்க வேண்டாம்.

17. ஒரே வகையில் இரண்டு இருந்தால் வித்தியாசத்தை எழுத்தில் சொல்லுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூல் ஈபப், மொபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. கடைசி இரண்டுக்கும் சிவப்பு ஐகான் ஒன்றுதான். ஆனால் ஒன்று காகிதத்தில் அச்சடிக்க, மற்றொன்று கையடக்கத் திரையில் படிக்க. ‘அச்சுக்கு’, ‘போனுக்கு’ என்று ஒரு சொல் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. கோப்பின் அளவையும் எம்பியில் போடுங்கள். டேட்டா பேக் கணக்குப் பார்ப்பவருக்கு அது மிகவும் உதவும்.

18. நீளமான தமிழ்ப் பெயரைச் சுருக்கும்போது எழுத்தை உடைக்காதீர்கள். ‘திருச்சி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் எட்டு. முதல் மூன்றை வெட்டி எடுத்தால் ‘திர’ என்று நின்றுவிடும். ‘இன்டல் செக்மென்டர்’ என்ற வசதி முழு எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். வெட்டுவதை நடுவில் வெட்டுங்கள். பெயரின் தொடக்கமும் எக்ஸ்டென்ஷனும் இரண்டு முனையிலும் தெரிய வேண்டும். வரி உயரத்தையும் 1.5 அளவுக்கு வையுங்கள். கொக்கியும் சுழியும் ஐகானோடு முட்டாது.

19. ஒரே பெயர் இரண்டாகத் தெரிந்தால் யூனிகோடைச் சந்தேகியுங்கள். ‘கோவில்’ என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. தேடும் முன்னும் ஒப்பிடும் முன்னும் பெயரை ‘நார்மலைஸ்’ செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

20. பார்வையற்றவரும் உங்கள் பக்கத்துக்கு வருவார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தானுக்கு அருகே பிரெய்ல் எண் இருப்பது அவருக்காகத்தான். இங்கே அந்த வேலையைச் செய்வது ‘ஆல்ட்’ என்ற மாற்று விளக்கம். ஐகானுக்கு அருகில் ‘பிடிஎஃப் ஆவணம்’ என்று எழுத்தில் இருந்தால் ஆல்ட்டை வெற்றாக விடுங்கள். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் அதையே இரண்டு முறை சொல்லும். எழுத்தில் இல்லாவிட்டால் ஆல்ட்டில் கட்டாயம் எழுதுங்கள். ‘சிவப்பு ஐகான்’ என்று எழுதினால் பயனில்லை, ‘பிடிஎஃப்’ என்று எழுதுங்கள்.

21. அளவும் வெளிச்சமும் முக்கியம். இணைய அணுகல் நெறிகளின்படி ஐகானுக்கும் பின்னணிக்கும் இடையே 3க்கு 1 என்ற வேறுபாடாவது இருக்க வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தில் உச்சி வெயிலில் போனைப் பார்ப்பவருக்கு இளஞ்சாம்பல் ஐகான் தெரியவே தெரியாது. விரலால் தொடும் பரப்பு 44 பிக்சல் இருந்தால் நடுங்கும் கைக்கும் வசதி. ஐகான் 24 இருந்தாலும் சுற்றிலும் இடம் விடலாம். அகலமும் உயரமும் முன்பே எழுதிவிடுங்கள். படம் வந்து சேரும்போது வரிசை துள்ளாது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் சிக்னல் திணறினாலும் ஐகான் தெரிய, ‘சர்வீஸ் வொர்க்கர்’ மூலம் போனிலேயே சேமித்து வையுங்கள். இதற்கு உங்கள் தளம் ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும். ஐகான்களைப் புதிதாக வரைய வேண்டியதில்லை. பூட்ஸ்ட்ராப் ஐகான்ஸ் தொகுப்பு எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கோப்பு வகைகளுக்கென்றே அதில் படங்கள் உண்டு. உரிமக் குறிப்பை மட்டும் நீக்காமல் வைத்திருங்கள்.

22. முடித்த பின் வீட்டின் மூத்தவர் கையில் போனைக் கொடுங்கள். ‘தேர் போட்டோ எது? வீட்டு வரி ரசீது எது? போன வாரம் பேரன் பேசியது எது?’ என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் பாருங்கள். விரல் தயங்கும் இடத்தில் அவரைத் திருத்தாதீர்கள், ஐகானைத் திருத்துங்கள். மாற்றிய பிறகு, அதுவரை பக்கத்தைப் பார்த்தே இராத இன்னொருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். பழகிவிட்ட கண்ணுக்குக் குறை தெரியாது.